ஹிபெர்னியா நிலக்கரி நிறுவனம்: வரலாறும் ஆவணங்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிபெர்னியா என்ற பெயர் எதைக் குறிக்கிறது?

அந்தப் பெயர் மூன்று வெவ்வேறு அமைப்புகளைக் குறிக்கிறது. ஆவணங்களைத் தேடத் தொடங்குவோர் முதல் நாளிலேயே குழம்பிப்போவதற்கு இதுதான் காரணம். முதலாவது, ஜெர்மனியின் ரூர் பகுதியில், கெல்சன்கிர்ஷென் நகரில், 1855இல் தோண்டத் தொடங்கி 1925இல் மூடப்பட்ட ஒரு தனிச் சுரங்கம். இரண்டாவது, அந்தச் சுரங்கத்தையும் ஹெர்னே நகரின் ஷாம்ராக் சுரங்கத்தையும் சேர்த்து 1873இல் உருவான பங்கு நிறுவனம். மூன்றாவது, அந்தப் பங்கு நிறுவனம் அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசு கைக்குப் போனபின், 1935இல் அரசின் வேறு சுரங்கங்களையும் உள்ளிழுத்துக்கொண்டு வளர்ந்த பெரிய குழுமம். 1910ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ‘ஹிபெர்னியா’ என்று வந்தால், எழுதியவர் சுரங்கத்தைச் சொல்கிறாரா, நிறுவனத்தைச் சொல்கிறாரா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு விதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். சுரங்கம் இருந்த இடத்திலேயே அதன் காகிதங்களும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிறுவனம் கைமாறும்போதெல்லாம் காகிதங்களும் புதிய உரிமையாளரின் அலமாரிக்குப் போயின. ஆகவே ஓர் ஆவணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல, அது எழுதப்பட்ட நாளில் நிறுவனம் யாருடையது என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். வரலாறு முன்னேயும் ஆவணங்கள் பின்னேயும் வருவது அதனால்தான்.

ஜெர்மன் சுரங்கத்துக்கு அயர்லாந்தின் பெயர் வந்தது எப்படி?

ஹிபெர்னியா என்பது அயர்லாந்துக்கு ரோமானியர் வைத்த லத்தீன் பெயர். சுரங்கத்தை நிறுவிய வில்லியம் தாமஸ் மல்வனி டப்ளின் நகரை அடுத்த சாண்டிமவுண்டில் 1806இல் பிறந்தவர். பணம் போட்டவர்களும் பெரும்பாலும் அயர்லாந்து வணிகர்கள், குறிப்பாக, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சார்ந்த மால்கம்சன், பெர்ரி ஆகிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். முதல் மண்வெட்டு விழுந்த நாளாக 1855 மார்ச் 17 குறிக்கப்படுகிறது. அது அயர்லாந்தின் காவல் புனிதர் பாட்ரிக்கின் திருநாள். அடுத்த சுரங்கத்துக்கு அயர்லாந்தின் மூவிலைச் செடியான ஷாம்ராக் என்று பெயரிட்டார்கள். 1860களில் காஸ்ட்ரோப் நகரில் தொடங்கிய மூன்றாவதற்கு எரின் என்று பெயர், அதுவும் அயர்லாந்தையே குறிக்கும் சொல். மூன்று பெயர்களும் நிலத்தில் ஊன்றிக்கொண்டதால், வெஸ்ட்ஃபாலிய விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் அவற்றைச் சொந்த ஊர்ப் பெயர்களாகவே உச்சரிக்கப் பழகிக்கொண்டார்கள்.

மல்வனி ஏன் ரூர் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்?

அவர் சுரங்கத் தொழிலில் வளர்ந்தவர் அல்லர். அயர்லாந்தின் பொதுப்பணி வாரியத்தில் வடிகால் பணிகளுக்கு ஆணையராக இருந்தவர்; அப்பணிகளின் செலவு குறித்துப் பிரபுக்கள் அவையில் விசாரணை எழுந்தபின் ஓய்வூதியத்துடன் வெளியேறினார். பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த மைக்கேல் கார் என்ற அயர்லாந்து வணிகரின் மூலம் கெல்சன்கிர்ஷென் அருகே கிடைத்த சுரங்க உரிமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1854இல் நேரில் வந்து பார்த்தார். டோர்ட்மண்டில் இருந்த பிரஷ்யச் சுரங்கத் தலைமை அலுவலகத்தில் நிலவியல் வரைபடங்களைப் புரட்டியபோதே அவருக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. கொலோன் நகரையும் மிண்டன் நகரையும் இணைத்த ரயில் பாதை 1847இல் திறக்கப்பட்டு, நிலக்கரி புதைந்திருந்த நிலத்தின் மேலேயே ஓடியது. சட்டமும் அப்போதுதான் தளர்ந்துகொண்டிருந்தது: அதுவரை தனியார் சுரங்கத்திலும் எவ்வளவு தோண்டுவது, யாரை வேலைக்கு வைப்பது என்பதையெல்லாம் அரசு அதிகாரிகளே தீர்மானித்து வந்தார்கள், 1851இல் தொடங்கி 1865 ஜூன் 24ஆம் தேதியின் பொதுச் சுரங்கச் சட்டம் வரை, படிப்படியாக அந்தப் பிடி விலகியது. மல்வனியைத் தனிமனித மேதையாகப் போற்றும் வழக்கம் ரூர் பகுதியில் உண்டு. அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்து ஆண்டு முன்னதாக வந்திருந்தால் அதே திறமை அதிகாரிகளின் மேசையிலேயே மடங்கிப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘டப்பிங்’ என்ற சொல் பழைய அறிக்கைகளில் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

அயர்லாந்துப் பணத்தைவிட ரூர் பகுதிக்கு அதிகம் உதவியது இந்தத் தொழில்நுட்பம்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரூர் ஆற்றங்கரையில் நிலக்கரி மேற்பரப்பை ஒட்டியே கிடந்தது. அங்கே மலைச்சரிவில் குடைந்துகொண்டே போனால் போதும். வடக்கே போகப்போக நிலக்கரி அடுக்குகள் ஆழத்தில் இறங்குகின்றன. அவற்றின் மேல் சுண்ணக்களிப் பாறை கனமான போர்வையாகக் கிடக்கிறது. அந்தப் பாறையின் வெடிப்புகளில் எல்லாம் தண்ணீர். 1830களில் ரூர் பகுதித் தொழிலதிபர் ஃப்ரான்ஸ் ஹானியல் அந்தப் போர்வையைத் துளைத்து நிலக்கரியை எட்ட முடியும் என்று காட்டிவிட்டார். ஆனால் செங்கல் கட்டிய குழிச்சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. இறைப்பதற்கே பெருஞ்செலவு ஆயிற்று.

இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். மல்வனி அங்கிருந்து வில்லியம் கோல்சன் என்ற குழிதோண்டும் தலைமை வினைஞரையும் அவருடைய ஆட்களையும் வரவழைத்தார். குழியின் உட்சுவருக்குச் செங்கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்பில் செய்த வளைந்த பலகைகளை வளையம் வளையமாக அடுக்குவது அவர்களுடைய முறை. இதற்குத்தான் டப்பிங் என்று பெயர். இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைப்பார்கள். வளையங்கள் அடுக்கி முடிந்ததும், அந்த மரச்சட்டங்களுக்குள் மர ஆப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, இனி ஓர் ஆப்புக்கூட நுழையாது என்ற நிலை வரும்வரை அடித்து இறக்குவார்கள். தண்ணீர் பட்டதும் மரம் ஊதும். ஊத ஊத இணைப்பு இறுகும். உள்ளே வரத் துடிக்கும் தண்ணீரைக் கொண்டே அதன் வழியை அடைக்கும் வேலை இது. பிற்காலத்தில் ஜெர்மானியர்கள் பலகைகளின் விளிம்பை உட்பக்கமாகத் திருப்பி மறைதிருகுகளால் முடுக்கும் முறையை வளர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஆவணங்களில் ‘ஆங்கில டப்பிங்’, ‘ஜெர்மன் டப்பிங்’ என்று இரண்டும் வரும்.

இதே கோல்சன்தான் 1862இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் ஒற்றைக் குழி அடைபட்டு ஏறக்குறைய இருநூறு பேர் உள்ளே சிக்கியபோது மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர்.

அயர்லாந்து உரிமையாளர்களின் கையிலிருந்து நிறுவனம் எப்போது போனது?

1873இல். பிரான்சுடனான போரில் வென்ற களிப்பில் பெர்லின் பங்குச் சந்தை கொதித்துக்கொண்டிருந்த சமயத்தில், ப்ளைஷ்ரோடர் போன்ற வங்கிகள் சேர்ந்து ஹிபெர்னியாவையும் ஷாம்ராக்கையும் ஒரே பங்கு நிறுவனமாக்கின. அயர்லாந்து முதலீட்டாளர்கள் நல்ல விலைக்கு விற்று வெளியேறினார்கள். மல்வனியின் மற்றொரு முயற்சியான, எரின் சுரங்கத்தையும் ஹான்சா, ஸோலெர்ன் சுரங்கங்களையும் கொண்ட பிரஷ்யச் சுரங்க, இரும்பாலை நிறுவனம் அடுத்து வந்த மந்தநிலையைத் தாங்க முடியாமல் 1877இல் வீழ்ந்தது. ஆகவே எரின் தொடர்பான பிற்கால ஆவணங்களை ஹிபெர்னியா நிறுவனத்தின் தொகுதியில் தேடுவது வீண் வேலை. பெயரால் சகோதரியானாலும் அது வேறு வீட்டுக்குப் போய்விட்ட சுரங்கம். மல்வனி 1885இல் டியூசல்டோர்ஃப் நகரில் காலமானார்.

‘கெவெர்க்‌ஷாஃப்ட்’, ‘கூக்ஸ்’ ஆகிய சொற்கள் எதைக் குறிக்கின்றன?

இன்றைய ஜெர்மன் அகராதியைப் பார்த்தால் கெவெர்க்‌ஷாஃப்ட் என்பதற்குத் தொழிற்சங்கம் என்று பொருள் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுரங்க ஆவணத்தில் அப்படி மொழிபெயர்த்தால் முதலாளிகள் தொழிலாளர்களாகிவிடுவார்கள். சுரங்க உரிமையைக் கூட்டாக வைத்திருந்த பங்காளிகளின் குழுவுக்கே அந்தப் பெயர். ஒவ்வொருவர் பங்குக்கும் கூக்ஸ் என்று பெயர். பழைய வழக்கில் ஒரு சுரங்கத்துக்கு 128 கூக்ஸ், 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 100 அல்லது 1000.

சாதாரணப் பங்குக்கும் கூக்ஸுக்கும் ஒரு கடுமையான வேறுபாடு உண்டு. சுரங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டால் கூக்ஸ் வைத்திருப்பவர் மேலும் பணம் கட்ட வேண்டும். லாபம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். குழி தோண்டும் ஆண்டுகளின் கணக்கேடுகளில் பங்காளிகளிடமிருந்து தொகை வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, நிறுவனம் கொழிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது; அது அவர்கள் மாரடித்துக்கொண்டு கட்டிய பணம்.

1904ஆம் ஆண்டின் ‘ஹிபெர்னியா விவகாரம்’ என்பது என்ன?

இந்நிறுவனத்தின் பெயரைச் சுரங்கத் தொழிலுக்கு வெளியேயும் பரவச் செய்த நிகழ்ச்சி இதுவே. இன்றும் ஜெர்மனியில் நிறுவனச் சட்டம் படிக்கும் மாணவர்கள் வேறு வழியில்லாமல் இந்தப் பெயரைச் சந்திக்கிறார்கள்.

ரூர் பகுதியின் சுரங்க நிறுவனங்கள் 1893இல் ரைன்-வெஸ்ட்ஃபாலிய நிலக்கரிக் கூட்டமைப்பை அமைத்து, விலையையும் ஒவ்வொருவருக்குமான ஒதுக்கீட்டையும் தாங்களே நிர்ணயிக்கத் தொடங்கின. ரயில்களுக்கும் கடற்படைக்கும் நிலக்கரி வாங்கிய பிரஷ்ய அரசுக்கு இது உறுத்தியது. கூட்டமைப்புக்குள் தனக்கும் ஒரு குரல் வேண்டும் என்று கருதிய வணிக அமைச்சர் தியோடோர் மோல்லர், 1904 கோடையில் ட்ரெஸ்ட்னர் வங்கியின் மூலம் ஹிபெர்னியா பங்குகளைச் சந்தையில் சத்தமில்லாமல் வாங்க வைத்தார். விலை திடீரென்று ஏறியதும் செய்தி கசிந்தது. மோல்லர் வெஸ்ட்ஃபாலிய ஆலை முதலாளியாக இருந்து அமைச்சரானவர். எனவே தம் சொந்த வட்டாரத்தினரே இவ்வளவு கடுமையாக எதிர்ப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

எதிர்ப்பு இரண்டு வகையில் வந்தது. ப்ளைஷ்ரோடர், பெர்லின் வணிக வங்கி முதலியவை தொழிலதிபர்களுடன் சேர்ந்து ‘ஹெர்னே’ என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அரசுக்கு எதிரான பங்குகளை அதில் பூட்டிவைத்தன. கூடவே பொதுக்குழுவைக் கூட்டி, நிறுவனத்தின் மூலதனத்தை உயர்த்தி, புதிய பங்குகளைத் தங்களுக்கு வேண்டியவர்களிடமே கொடுக்கத் தீர்மானித்தார்கள். இதனால் அரசால் பெரும்பான்மைப் பங்கை எட்ட முடியாமற்போனது. கெய்சருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், அரசு தங்கள் நிறுவனத்தை விலைக்குக் கேட்டதும் இவ்வளவு வேகமாகக் கதவைச் சாத்தியது அக்காலத்து வேடிக்கைகளில் ஒன்று.

மூலதன உயர்வை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றமாகிய ரைஷ் நீதிமன்றம் வரை போனது. 1908இல் வந்த தீர்ப்பு, பெரும்பான்மைப் பங்குதாரர் சட்டப்படி எடுத்த முடிவு தமக்கு உகந்ததாக இல்லாவிட்டாலும் சிறுபான்மையினர் அதை ஏற்றாக வேண்டும் என்ற நிலையை எடுத்தது. மோல்லர் அதற்கு முன்பே, 1905இல், பதவியை விட்டுப் போய்விட்டார். கடைசியில் 1917இல், போரின் நடுவே, மீதிப் பங்குகளையும் அரசு விலைக்கு வாங்கி முடித்தது. பதின்மூன்று ஆண்டு இழுபறியின் விளைவு ஆவணத் தேடுபவருக்கும் உண்டு: இந்த விவகாரம் பற்றிய காகிதங்களில் கணிசமானவை ரூர் பகுதியில் இல்லை, பெர்லின் டாலெம் பகுதியில் உள்ள பிரஷ்ய ரகசிய அரசு ஆவணக் காப்பகத்தில், வணிக அமைச்சின் கோப்புகளில் இருக்கின்றன. ‘ரகசிய’ என்பது பழைய பட்டம்தான். காப்பகம் எல்லாருக்கும் திறந்தது.

தொழிலாளர்களைப் பற்றி ஆவணங்களில் என்ன கிடைக்கும்?

நிறுவனத்தின் பார்வையில் கிடைக்கும்: எண், கூலி, தண்டம். தொழிலாளியின் பார்வை அவற்றின் இடுக்குகளில்தான் தெரியும். ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பழைய கூலி ஏடுகளில் ‘பூஜ்யமாக்கப்பட்டது’ என்று பொருள்படும் குறிப்பு வரும். நான்கைந்து பேர் கொண்ட குழு ஒன்று சுரங்கத்தில் நிலக்கரியை வெட்டி வண்டியில் நிரப்பி, தங்கள் குழு எண் பொறித்த வில்லையைத் தொங்கவிட்டு மேலே அனுப்பும். மேலே நிற்கும் கண்காணிப்பாளர் வண்டியில் கல் அதிகம் என்றோ, வண்டி சரியாக நிரம்பவில்லை என்றோ கருதினால் அதைக் கணக்கில் பூஜ்யமாக்கிவிடுவார். அந்த வண்டிக்குக் கூலி இல்லை. ஆனால் அதிலிருந்த நிலக்கரியை நிறுவனம் கொட்டிவிடாது, எடுத்து விற்றுக்கொள்ளும்.

1889 மே மாதத்தில் ரூர் பகுதி முழுவதும் வேலைநிறுத்தம் பரவி, தொழிலாளர் பிரதிநிதிகள் மூவர் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்மையே சந்தித்து முறையிட்டபோதும், 1905 ஜனவரியில் மீண்டும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டபோதும் இந்த வழக்கம் முக்கியக் குறைகளில் ஒன்றாக இருந்தது. 1905 கோடையில் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் அதைத் தடை செய்தது.

ஹெர்னே நகரின் ஆவணங்களில் போலந்துப் பெயர்கள் மிகுதியாக வருவதும் இயல்பே. பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். எழுத்தர்கள் தத்தம் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே மனிதரின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக இருக்கலாம். பிறகு பலர் தாங்களே ஜெர்மன் பெயராக மாற்றிக்கொண்டதும் உண்டு. தேடும்போது எழுத்துகளை நம்பாமல் பிறந்த தேதியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

விபத்துகள் பற்றி?

ஹிபெர்னியா சுரங்கத்தில் மீத்தேன் வாயு அதிகம். 1887இலும் 1891இலும் நடந்த வெடிப்புகளில் ஒவ்வொன்றிலும் ஐம்பது பேருக்குமேல் இறந்தனர். அந்த அனுபவத்தின் பிறகு நிறுவனம் மீட்புப் பணியில் கவனம் செலுத்தியது. ஷாம்ராக் சுரங்கத்தின் இயக்குநர் கேயோர்க் ஆல்பிரெக்ட் மேயர், நச்சுப் புகைக்குள் நுழைந்து வேலை செய்வதற்கான மூச்சுக்கருவியை மேம்படுத்தி, அதில் பயிற்சி பெற்ற குழுவையும் உருவாக்கினார். அந்தக் கருவிக்கும் ஷாம்ராக் என்றே பெயர்.

1906 மார்ச் 10 அன்று பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 1,099 பேர் மாண்டபோது, மேயரின் ஆட்கள் கெல்சன்கிர்ஷெனின் ரைன்எல்பே சுரங்கத்தைச் சேர்ந்தவர்களுடன் தங்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போனார்கள். மொரோக்கோவை முன்னிட்டு இரு நாட்டு அரசுகளும் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் போனபோது உயிரோடு மீட்க ஏறக்குறைய யாரும் எஞ்சியிருக்கவில்லை என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் இருபதாம் நாள், மார்ச் 30 அன்று, பதின்மூன்று பேர் இருட்டில் தாங்களே வழி கண்டுபிடித்து வெளியே வந்தார்கள். தேடுதலை முன்னதாகக் கைவிட்டார்களா என்ற கோபக் கேள்வி பிரான்சில் வெடித்தது. அதன் நிழல் மீட்புக் குழுவினர்மீதும் விழுந்தது.

நாஜி ஆட்சிக் காலத்தில் நிறுவனம் என்ன செய்தது?

1929இல் பிரஷ்ய அரசு தன் மின்சார, சுரங்க நிறுவனங்களை வேபா என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்திருந்தது. ஹிபெர்னியா அதில் ஒரு கிளை. 1935இல் ரெக்லிங்ஹவுசன் அரசுச் சுரங்கங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரிக்கும் ஷோல்வென் ஆலை 1936இல் உற்பத்தியைத் தொடங்கியது. செயற்கை ரப்பருக்காக மார்ல் நகரில் 1938இல் நிறுவப்பட்ட ஹ்யூல்ஸ் வேதி ஆலையில் ஐ.ஜி. ஃபார்பென் என்ற பெரும் வேதி நிறுவனம் 74 விழுக்காடும் ஹிபெர்னியா 26 விழுக்காடும் பங்கு வைத்திருந்தன. போருக்கான ஆயத்தத்தில் நிறுவனம் எங்கே நின்றது என்பதை இந்த இரண்டு ஆலைகளே சொல்லிவிடும்.

போர்க்காலத்தில் ரூர் பகுதியின் மற்றச் சுரங்கங்களைப் போலவே இங்கும் சோவியத் போர்க்கைதிகளும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிடித்துவரப்பட்ட பொதுமக்களும் நிலத்தடியில் கட்டாய வேலை செய்தார்கள். இதற்கான சான்றுகளை நிறுவனத்தின் காகிதங்களில் மட்டும் தேடினால் குறைவாகவே அகப்படும். நாஜி ஆட்சியால் பாதிக்கப்பட்டோரின் ஆவணங்களைக் காக்கும், பாட் ஆரொல்சன் நகரில் உள்ள ஆரொல்சன் காப்பகத்தின் பெயர்ப் பட்டியல்கள், நகராட்சிகளின் இறப்புப் பதிவேடுகள், நோய்க் காப்பீட்டு அட்டைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் ஆளின் தடம் தெரியும்.

நிறுவனம் இன்று ஏன் இல்லை?

1958இல் மலிவான எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் ரூர் பகுதியைத் தாக்கத் தொடங்கின. ஷாம்ராக் 1967இல் மூடப்பட்டது. 1968 நவம்பர் 27 அன்று ரூர்கோலே என்ற ஒருங்கிணைந்த நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஹிபெர்னியாவின் எஞ்சிய சுரங்கங்கள் அதற்குள் போயின. வேதிப் பகுதி வேபாவின் வேதித் தொழில் பிரிவாயிற்று. வேபா 2000இல் வியாக் நிறுவனத்துடன் இணைந்து இ.ஆன் ஆனது; ஹ்யூல்ஸ் பல கைகள் மாறி எவோனிக் நிறுவனத்தில் முடிந்தது. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது.

அப்படியானால் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன?

நிறுவனத்தின் சொந்தக் காகிதங்களுக்கு முதலில் போக வேண்டிய இடம், போஹும் நகரின் ஜெர்மன் சுரங்க அருங்காட்சியகத்தில் இருக்கும் சுரங்கத் தொழில் காப்பகம். சுரங்கங்கள் ரூர்கோலேக்குள் கரைந்த அதே 1969இல் அது தொடங்கப்பட்டது தற்செயல் அல்ல: பழைய நிறுவனங்களின் அலுவலகங்கள் காலியாகும்போது கோப்புகள் குப்பைக்குப் போய்விடும் என்ற அச்சமே அதைத் தோற்றுவித்தது. ஹிபெர்னியாவுக்கு அங்கே தனித் தொகுதி உண்டு. நிர்வாகக் குழுவின் பதிவுகள், ஆண்டறிக்கைகள், தனித்தனிச் சுரங்கங்களின் கோப்புகள் என்று அது விரிகிறது. காப்பகத்தின் பட்டியல்களில் பெரும்பகுதியை இணையத்திலேயே தேடலாம்.

அரசு நிறுவனத்தைக் கண்காணித்ததால் உண்டான காகிதங்கள் வேறு வழியில் போயின. டோர்ட்மண்ட் சுரங்கத் தலைமை அலுவலகத்தின் பழைய கோப்புகள் ம்யூன்ஸ்டர் நகரில், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலக் காப்பகத்தின் வெஸ்ட்ஃபாலியப் பிரிவில் உள்ளன. உரிமை வழங்கல், குழி தோண்டும் அனுமதி, விபத்து விசாரணை ஆகிய மூன்றுக்கும் நிறுவனத் தொகுதியைவிட இவையே பல வேளைகளில் வளமானவை. ஏனென்றால் நிறுவனம் சொல்ல விரும்பாததையும் ஆய்வாளர் எழுதிவைத்திருப்பார். ஹ்யூல்ஸ் ஆலை பற்றி அறிய எவோனிக் குழுமத்தின் காப்பகத்தை அணுக வேண்டும். தொழிற்சங்கத்தின் தரப்பு வேண்டுவோருக்குப் போஹும் நகரிலேயே ரூர் பகுதி வரலாற்று இல்லம் இருக்கிறது.

சுரங்க வரைபடங்களையும் காப்பகத்தில் பார்க்கலாமா?

வரலாற்றுக்கு மட்டும் பயன்படும் பழையவற்றைப் பார்க்கலாம். ஆனால் அதிகாரபூர்வமான வரைபடத் தொகுப்பு வரலாற்றுப் பொருள் அல்ல, இன்றும் வேலை செய்யும் ஆவணம். அது டோர்ட்மண்டில், ஆர்ன்ஸ்பெர்க் மாவட்ட நிர்வாகத்தின் சுரங்கப் பிரிவில் இருக்கிறது. 2001இல் பழைய தலைமை அலுவலகம் இந்தப் பிரிவாக மாற்றப்பட்டது.

உரிமம் பெற்ற சுரங்க அளவையர் வரைந்த இந்தத் தாள்கள் கெட்டியானவை. நிலத்தடிப் பாதைகளும் நிலக்கரி அடுக்குகளும் வெவ்வேறு வண்ண மையில் இருக்கும்; வெட்டுமுகம் எந்தத் தேதியில் எதுவரை முன்னேறியிருந்தது என்று ஓரமாக எழுதியிருக்கும். அந்தத் தேதிகளைத் தொடர்ந்து போனால் ஒரு வீட்டின் அடியில் எப்போது வெற்றிடம் உருவானது என்பதைச் சொல்லிவிடலாம். வீடு விரிசல் விட்டால் இழப்பீடு கேட்பவர்கள், நிலம் வாங்குபவர்கள், பாலம் கட்டுபவர்கள் எல்லாரும் அங்கே போவது அதனால்தான். 2000 ஜனவரி 2 அன்று போஹும் நகரின் ஹோன்ட்ராப் பகுதியில் பழைய சுரங்கம் ஒன்றின்மேல் தரை திடீரென்று வாய்பிளந்து கார்க் கொட்டகையை விழுங்கியது. பெர்லினிலோ ம்யூன்ஸ்டரிலோ ஒரு கடிதம் காணாமற்போனால் ஆய்வாளர் ஒருவர்தான் வருந்துவார். இங்கே ஒரு தாள் குறைந்தால் வருந்துவோர் பலர்.

தண்ணீரும் அப்படியே. நிலக்கரி எடுத்ததால் தாழ்ந்துபோன பகுதிகளில் மழைநீரையும் நிலத்தடி நீரையும் இடைவிடாமல் இறைக்காவிட்டால் எம்ஷர் ஆற்றுப் படுகையில் ஊர்கள் மூழ்கும். 2007இல் நிறுவப்பட்ட ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளை, சுரங்கங்கள் மூடியபின் இந்தச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதிகாரபூர்வமாகவே இதற்கு ‘நித்தியப் பணிகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தனி ஒரு தொழிலாளியைப் பற்றிய விவரம் கிடைக்குமா?

கிடைக்கலாம், நிறுவனத் தொகுதியில் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. சுரங்கத் தொழிலாளருக்கெனத் தனிக் காப்பீட்டு அமைப்பு ஜெர்மனியில் பல நூற்றாண்டாக இருந்துவருகிறது. க்னாப்ஷாஃப்ட் என்று பெயர். வேலை செய்த ஆண்டுகள், நோய், ஓய்வூதியம் ஆகியவை அதன் ஏடுகளில் ஏறின. மாநிலக் காப்பகத்தில் தனிநபர் கோப்புகள் அவர் இறந்து பத்து ஆண்டுகள்வரை, இறந்த நாள் தெரியாவிட்டால் பிறந்து நூறு ஆண்டுகள்வரை மூடியிருக்கும். நிறுவனக் காப்பகங்களுக்குத் தத்தம் விதிகள் உண்டு. எழுதிக் கேட்கும்போது பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், எந்தச் சுரங்கம் என்ற நான்கையும் கொடுத்தால் பதில் விரைவில் வரும்.

ஜெர்மன் மொழி ஓரளவு தெரியும். பழைய ஆவணங்களைப் படிக்க அது போதுமா?

அச்சிட்ட ஆண்டறிக்கைக்குப் போதும். கையெழுத்துக்குப் போதாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அலுவலகங்களில் வழங்கிய குரெண்ட் என்ற சாய்வெழுத்து இன்றைய ஜெர்மானியர்களுக்கே புரிவதில்லை. அதில் ‘e’ என்ற எழுத்தும் ‘n’ என்ற எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வாரம் எழுதிப் பழகினால் கண் பிடிபட்டுவிடும். படித்துப் பழகுவதைவிட எழுதிப் பழகுவது விரைவில் பலன் தரும் என்பது என் கருத்து. அளவுகளும் கவனத்துக்குரியவை: ஆழத்தை லாக்டர் என்ற அலகில் குறிப்பார்கள், பிரஷ்ய லாக்டர் ஏறத்தாழ 2.09 மீட்டர், பணம் 1870கள்வரை தாலரில் இருக்கும், ஒரு தாலர் மூன்று மார்க்.

இன்று அந்த ஊர்களுக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

முதல் சுரங்கமான ஹிபெர்னியா இருந்த இடத்தில், கெல்சன்கிர்ஷென் ரயில் நிலையத்துக்கு அருகே, கண்ணில் படும்படி ஒன்றுமில்லை. ஹெர்னேயில் ஷாம்ராக்ரிங் என்ற தெரு இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் நெடுங்காலம் இயங்கியது. காஸ்ட்ரோப்பில் எரின் சுரங்கம் 1983இல் மூடப்பட்டபின் நிலம் பூங்காவாக மாறியது. ஏழாம் குழியின் இரும்புக் கோபுரம் இன்றும் நிற்கிறது, தூரத்திலிருந்தே அதில் எரின் என்ற பெயரைப் படிக்கலாம்.